செல்லப்பிராணியை ஆயில் பெயிண்டில் வரைய எதை வாங்குவது: செட் பெட்டியா, தனி டியூபா, தண்ணீரில் கழுவும் வகையா?

வீட்டு நாயையோ பூனையையோ ஆயில் பெயிண்டில் வரைய ஆசைப்படுகிறவர்களில் பலர் தூரிகையைத் தொடும் முன்பே நின்றுவிடுகிறார்கள். எதை வாங்குவது என்று தெரியவில்லை. ஷோப்பியில் 12 டியூப் செட் மலிவாகக் கிடைக்கிறது. தெரிந்தவர் ஒருவர், "செட் வேண்டாம், நல்ல டியூபாகப் பார்த்துத் தனித்தனியாக வாங்கு" என்கிறார். இன்னொருவர், "இப்போ தண்ணியிலேயே கழுவுற வகை வந்திருக்கு, அதை எடு" என்கிறார். சுங்கை சிப்புட், பீடோர், பாகான் டத்தோ மாதிரி மலேசிய எஸ்டேட் டவுன்களில் ஓவியப் பொருளுக்கென்றே ஒரு கடை பெரும்பாலும் இருக்காது. எடுத்துப் பார்த்து வாங்க வழியில்லாததால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு ஆறு தனி டியூப்கள் போதும். வரையும் இடத்திலேயே பிராணியும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் தண்ணீரில் கழுவும் வகை. செட் பெட்டி, கை பழகிப் பார்க்க மட்டும். ஏன் அப்படி என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டு நிலைமை வேறாக இருந்தால் முடிவும் மாறலாம்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலில் பார்க்க வேண்டியது பிராணியின் நிறம். விலையெல்லாம் அப்புறம். நம் பக்கத்தில் வளரும் நாய்கள் பெரும்பாலும் கறுப்பு, செம்பழுப்பு, மணல் நிறம், சிலதுக்கு நெஞ்சில் ஒரு வெள்ளைத் திட்டு. பூனையென்றால் ஆரஞ்சு, சாம்பல் வரி, கறுப்பு வெள்ளை. கவனித்துப் பாருங்கள், எல்லாமே மண் நிறங்கள். ஊதா, மரகதப் பச்சை, ரோஸ் எல்லாம் ஒரு நாயின் முகத்தில் வேலைக்கே வராது.

அடுத்து, எங்கே உட்கார்ந்து வரையப் போகிறீர்கள்? காற்று ஓடும் லயத்து வீட்டு முன்வாசலா, தாமான் வீட்டில் ஒரு சின்ன அறையா? பிராணி அங்கே வந்து போகுமா? மூன்றாவது, பாதியில் ஒரு நிறம் தீர்ந்தால் எத்தனை நாளில் மறுபடி கிடைக்கும். நான்காவது, படம் எத்தனை வருஷம் இருக்க வேண்டும். இறந்துபோன நாயின் நினைவாக வரைகிறவருக்கும், பள்ளி விடுமுறையில் பழகிப் பார்க்கிற மகளுக்கும் பதில் ஒன்றாக இருக்காது. கடைசியாகச் செலவு. பெயிண்ட் விலையை மட்டும் பார்க்காமல் கூடவே வாங்க வேண்டியவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விலை அடிக்கடி மாறும் என்பதால் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை காசு என்று வகுத்துப் பார்ப்பதுதான் சரியான ஒப்பீடு.

## 12 டியூப் செட் பெட்டி

ஒரே பார்சலில் எல்லாம் வந்துவிடும், கையைக் கடிக்காது. இதுதான் இதன் பலம். மலிவு செட்டுகளில் ஒரு டியூப் பெரும்பாலும் 12 மி.லி. மொத்தம் 144 மி.லி. என்றால் நிறையத் தெரியும். ஆனால் நம் படத்துக்கு உண்மையில் உதவுவது அதில் ஐந்தாறு டியூப்தான். அதாவது கொடுத்த காசில் பாதியோ அதற்கு மேலோ பெட்டியிலேயே கிடக்கும்.

பெரிய சிக்கல் வெள்ளை. செட்டில் வெள்ளையும் அதே 12 மி.லி.தான். பிராணியின் படத்தில் அதிகம் செலவாவது வெள்ளை. கறுப்பு நாய்க்குக்கூட ரோமத்தில் விழும் வெளிச்சம், கண்ணோரச் சாம்பல், பின்னணி என்று எல்லாவற்றிலும் வெள்ளை கலக்கும். 30 × 40 செ.மீ. படத்தில் பின்னணியைப் பூசி முடிக்கும்போதே டியூபின் அடியைப் பிதுக்க வேண்டியிருக்கும். அப்புறம் பெரிய வெள்ளை டியூப் ஒன்றைத் தனியாக வாங்கத்தான் வேண்டும். அந்தத் தபால் செலவும் செட் கணக்கில்தான் சேரும். வேறு பிராண்ட் வெள்ளையாக இருந்தால் பரவாயில்லை, சாதாரண ஆயில் பெயிண்ட் எந்த பிராண்டும் ஒன்றோடொன்று கலக்கும்.

மலிவு செட்டுகள் பலவற்றில் உள்ளே என்ன நிறமி இருக்கிறது என்று போட்டிருக்காது. எந்த நிறம் வெளுக்கும், எது நிற்கும் என்று தெரியாமலே பூச வேண்டியதுதான். இன்னொன்று: இணையத்தில் தேடும்போது "ஆயில்" என்று போட்டாலே ஆயில் பேஸ்டல், அக்ரிலிக் எல்லாம் கலந்து வரும். பேஸ்டல் என்பது மெழுகுக் குச்சி மாதிரி, அதை வைத்து இந்த வேலை நடக்காது. படத்தைப் பார்த்து வாங்காமல் விவரத்தைப் படித்து வாங்குங்கள்.

யாருக்குச் சரி: ஆயில் பெயிண்ட் தனக்கு ஒத்துவருமா, அந்த வாசனை பிடிக்குமா என்றே தெரியாதவர்களுக்கு; பழகும் பிள்ளைகளுக்கு. வாங்கினால் கூடவே ஒரு பெரிய டைட்டானியம் வெள்ளையையும் அதே ஆர்டரில் போட்டுவிடுங்கள்.

## ஆறு தனி டியூப்கள்

நான் சொல்லும் ஆறு இவை: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், பெர்மனன்ட் அலிசரின் என்ற பெயரில் வரும் ஆழ்ந்த சிவப்பு. வெள்ளை மட்டும் பெரிய டியூப். மற்றவை 37 முதல் 40 மி.லி. வரை வரும் சாதாரண டியூப்.

மாணவர் தரம் போதுமா, கலைஞர் தரம் வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் வேலைக்கு மாணவர் தரமே போதும், அதற்குக் காரணமும் உண்டு. இந்த இரண்டு தரத்துக்கும் இடையே விலை எகிறுவது காட்மியம், கோபால்ட் மாதிரி விலையுயர்ந்த நிறமிகளில். மாணவர் வரிசையில் அவற்றுக்குப் பதிலாக வேறு நிறமி போட்டு "ஹியூ" என்று பெயர் வைப்பார்கள். ஆனால் அம்பர், சியன்னா, ஓக்கர் எல்லாம் இரும்பு ஆக்சைடு சேர்ந்த மண் நிறங்கள். எந்த வரிசையிலும் விலை குறைந்தவை அவைதான். அல்ட்ராமரைனும் மலிவுதான். அதனால் மாணவர் தரத்திலும் அதே நிறமிதான் இருக்கும், அளவு கொஞ்சம் குறைவாக. வின்சர் நியூட்டனின் வின்டன், டேலர் ரௌனியின் ஜார்ஜியன், ராயல் டாலன்ஸின் வான் கோ ஆகிய மூன்றும் இந்த வகை. நாய் பூனை வரையக் காட்மியம் தேவையே இல்லை. விஷத்தன்மை உள்ள அந்த நிறமியைப் பிராணி நடமாடும் வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதும் ஒரு லாபம்.

டியூபில் நிறமிக் குறியீடு இருக்கும், அதைப் பாருங்கள். வெள்ளைக்கு பி.டபிள்யூ.6 (PW6, டைட்டானியம் வெள்ளை) மட்டும் இருந்தால் நல்லது. பி.டபிள்யூ.4 என்பது துத்தநாக வெள்ளை, அது அதிகம் சேர்ந்தால் வருஷங்கள் போகப் படலம் நொறுங்கும். பழைய அலிசரின் சிவப்பு பி.ஆர்.83, வெளிச்சத்தில் வெளுக்கும். "பெர்மனன்ட்" என்று போட்டது அதற்குப் பதிலாக வந்தது.

இந்த ஆறை வைத்து என்ன செய்யலாம்?

கறுப்பு நாய்: கறுப்பு டியூப் வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சேர்த்தால் ஆழமான கறுப்பு வரும். நீலத்தைக் கூட்டினால் முதுகில் வானம் படும் இடம், அம்பரைக் கூட்டினால் வயிற்றுப் பக்கம், காதோரம். நம் மதிய வெயிலில் நிற்கும் கறுப்பு நாயின் முதுகைப் பார்த்தால் நீலம் எங்கே இருக்கிறது என்று தெரியும். டியூப் கறுப்பை அப்படியே பூசினால் முகம் தட்டையாக, ஓட்டை போட்ட மாதிரி ஆகிவிடும்.

ஆரஞ்சுப் பூனை: சியன்னாவும் ஓக்கரும்தான் உடம்பு. நிழலுக்குத் துளி நீலம். கண் பச்சைக்கு ஓக்கரும் நீலமும் சேர்ந்தாலே மங்கிய பச்சை வரும், பெரும்பாலான பூனைக் கண்ணுக்கு அதுதான் பொருத்தம். கண் பளிச்சென்று மஞ்சள் பச்சையாக இருந்தால் ஏழாவதாக ஒரு லெமன் மஞ்சள் வாங்குங்கள்.

வெள்ளைப் பிராணிக்குத்தான் செலவு அதிகம், வெள்ளை அவ்வளவு போகும். தூய வெள்ளை கடைசியில் மூக்கோரம், கண் மின்னல் என்று சில புள்ளிகளுக்கு மட்டும். மற்றதெல்லாம் ஓக்கர் கலந்த வெள்ளை, நீலம் கலந்த சாம்பல். நாக்குக்கும் மூக்குக்கும் சிவப்பும் வெள்ளையும், துளி சியன்னா.

முதல் படலத்துக்கு அம்பர் நல்லது. அதில் இருக்கும் மாங்கனீசு காய்வதைத் துரிதப்படுத்தும், மறுநாளோ அடுத்த நாளோ மேலே வேலை செய்யலாம்.

மறைமுகச் செலவு என்ன? டவுனில் கிடைக்காது. ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போக வேண்டும், அல்லது இரண்டு மூன்று விற்பனையாளரிடம் ஆர்டர் செய்து தனித்தனித் தபால் செலவு கட்ட வேண்டும். ஆறையும் ஒரே கடையில் எடுக்கப் பாருங்கள். தூரிகை கழுவும் பிரச்சினையும் இந்த வகையோடு ஒட்டியே வரும், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

யாருக்குச் சரி: சுவரில் பல வருஷம் தொங்க வேண்டிய படத்துக்கு, ஒன்றுக்கு மேல் வரையப் போகிறவர்களுக்கு, காற்று ஓடும் இடம் உள்ளவர்களுக்கு.

## தண்ணீரில் கழுவும் ஆயில் பெயிண்ட்

இதுவும் உண்மையான ஆயில் பெயிண்ட்தான். எண்ணெயோடு தண்ணீர் சேரும்படி மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவே. கோப்ரா, ஆர்ட்டிசான் என்ற பெயர்களில் வரும். தூரிகையைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவலாம். தூரிகை கழுவும் கரைப்பானான டர்பன்டைனின் வாசனையே வீட்டில் வராது.

"தண்ணீர் என்பதால் சீக்கிரம் காயும்" என்று நினைத்து வாங்காதீர்கள். தண்ணீர் ஆவியாகிப் போன பிறகு மீதியிருக்கும் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்துதான் இறுக வேண்டும். அதற்குச் சாதாரண ஆயில் பெயிண்ட் அளவுக்கு நாள் பிடிக்கும். தண்ணீர் கலக்கும்போது நிறம் கொஞ்சம் பால் மாதிரி வெளிறித் தெரியும், காய்ந்ததும் கருக்கும். கறுப்பு நாயை வரையும்போது இது கண்ணை ஏமாற்றும். நிறம் சரிபார்க்க வேண்டிய இடத்தில் தண்ணீரைக் குறைத்து, அதே வகை எண்ணெய் சேர்த்துக் கலப்பது நல்லது.

மறைமுகச் செலவும் அதில்தான். ஆயில் பெயிண்டை இளக்கச் சேர்க்கும் சாதாரண ஆளி விதை எண்ணெயை அதிகம் சேர்த்தால் தண்ணீரில் கழுவும் குணம் போய்விடும். அதனால் எண்ணெயும் இதற்கென்று வருவதையே வாங்க வேண்டும். பெரும்பாலும் இணையத்தில்தான் கிடைக்கும், ஒரு நிறம் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும்.

யாருக்குச் சரி: தாமான் வீட்டு மூடிய அறை, பூனை மடியில் ஏறும் வீடு, கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ளவர்கள். மேலே சொன்ன அதே ஆறு நிறங்கள் இதிலும் கிடைக்கும்.

| | செட் பெட்டி | ஆறு தனி டியூப் | தண்ணீரில் கழுவும் வகை |
|---|---|---|---|
| முதல் செலவு | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் |
| வீணாவது | பாதி நிறங்கள் | அநேகமாக இல்லை | அநேகமாக இல்லை |
| கூடவே வாங்க வேண்டியது | பெரிய வெள்ளை, தூரிகை கழுவச் சமையல் எண்ணெய் | தூரிகை கழுவச் சமையல் எண்ணெய், கொஞ்சம் கரைப்பான் | இதற்கான தனி எண்ணெய் |
| வீட்டுக்குள் வாசனை | கரைப்பானைப் பொறுத்தது | கரைப்பானைப் பொறுத்தது | மிகக் குறைவு |
| நிறம் நிற்பது | தெரியாது | நன்றாக | நன்றாக |
| தீர்ந்தால் மறுபடி | தனி டியூபாகக் கிடைப்பது அரிது | ஈப்போ, கோலாலம்பூர், இணையம் | பெரும்பாலும் இணையம் |

## கழுவுவது: இங்கேதான் கவனம் வேண்டும்

ஹார்ட்வேர் கடைத் தவுக்கேயிடம் "பெயிண்ட் கழுவ ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் தின்னர் கொடுத்துவிடுவார். அதை வாங்காதீர்கள். அது காருக்கும் மரச்சாமானுக்கும் அடிக்கும் லாக்கருக்கானது, ஆவி கடுமை, காய்ந்த படலத்தையும் கரைக்கும். டர்பன்டைன் என்று பெயர் சொல்லிக் கேட்டால் வீட்டு பெயிண்டுக்கான பெட்ரோலிய வகை கிடைக்கும். தூரிகை கழுவ அது ஆகும், ஆனால் வெளியில் வைத்து, மூடி போட்ட டப்பாவில்.

நாய் பூனைக்கு டர்பன்டைன் விஷம். பூனைக்கு ஆபத்து இன்னும் கூட, அது காலில் பட்டதை நக்கியே சுத்தம் செய்யும். மனித ஈரல் உடைக்கும் சில பொருட்களைப் பூனையின் ஈரலால் உடைக்க முடியாது. யாருடைய படத்தை வரைகிறோமோ அதுவே கழுவும் டப்பாவில் வாய் வைக்கும்படி விடக் கூடாது. கழுவிய தண்ணீரையும் அது குடிக்கும் பக்கத்துக் கால்வாயில் ஊற்றாதீர்கள்.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. தூரிகையில் இருக்கும் பெயிண்டைத் துணியில் துடையுங்கள், சமையல் எண்ணெயில் தோய்த்து மறுபடி துடையுங்கள், பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் நுரை வெள்ளையாக வரும்வரை கழுவுங்கள். சோப்பு வேலையை அரைகுறையாக விட்டுவிடாதீர்கள். நம்மைச் சுற்றிச் செம்பனைதான், ஆனால் பாமாயில் காயாத எண்ணெய். ஆளி விதை எண்ணெய் காற்றில் இறுகிப் படலமாகும், பாமாயில் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். அது தூரிகையில் தங்கி வண்ணத்தில் கலந்தால் அந்த இடம் காயவே காயாது. வண்ணத்தை இளக்க ஒருநாளும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் இறுகும்போது சூடு வெளிவிடும். கசங்கிய துணியில் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கலாம். தகரக் கூரை வீட்டு மதிய வெக்கையில் இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பழைய மைலோ டின்னில் தண்ணீர் ஊற்றி, துணியை முக்கி மூடி வையுங்கள், அல்லது வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள். தண்ணீரில் கழுவும் பெயிண்டிலும் காயும் எண்ணெய்தான் இருக்கிறது, அதற்கும் இதே விதி.

கையுறை வேண்டுமென்றால் நைட்ரில். பால்மரத்து ரப்பர் கையுறை எண்ணெயிலும் பெட்ரோலியக் கரைப்பானிலும் ஊறி இளகிவிடும்.

## பலகை, தூரிகை, மற்றவை

மிஸ்டர் டி.ஐ.ஒய். மாதிரிக் கடையில் கேன்வாஸ் அட்டை கிடைக்கும், பழகுவதற்கு அது போதும். ஆனால் உள்ளே இருப்பது வெறும் அட்டை. நம் ஈரக் காற்றில் வளையும், பூஞ்சை பிடிக்கும். வைத்திருக்க வேண்டிய படத்துக்குச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ், அல்லது ஹார்ட்வேர் கடையில் வெட்டித் தரும் பிளைவுட். பிளைவுட் என்றால் இரண்டு பக்கமும் ஓரமும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) பூச வேண்டும், முன்பக்கம் மட்டும் இரண்டு மூன்று படலம். ஜெஸ்ஸோ இல்லாமல் நேரே துணியில் ஆயில் பூசினால் எண்ணெய் இறங்கித் துணி இற்றுவிடும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் ஜெஸ்ஸோவுக்கு மாற்று இல்லை.

அளவு தீர்மானிக்கும்போது பிரேம் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். தயார் பிரேம் கிடைக்கும் அளவில் வரைந்தால் ஒரு பெரிய செலவு மிச்சம். படத்துக்கு அளவெடுத்து அடிக்கும் பிரேம் சில சமயம் பெயிண்டை விட அதிகம் கேட்கும்.

தூரிகை நான்கு போதும்: தட்டை ஒன்று, முனை வளைந்த பில்பர்ட் ஒன்று, சின்ன வட்டம் ஒன்று, மீசைமுடிக்கு நீளமான ரிகர் ஒன்று. ஆயில் பெயிண்டுக்குப் பழைய வழக்கம் பன்றி முடித் தூரிகை. மலேசியாவில் பன்றி, நாய் உடற்பகுதியில் செய்த பொருள் விற்றால் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று 2013 முதல் ஆணை இருக்கிறது. 2017 பிப்ரவரியில் குறிப்பு இல்லாத தூரிகைகளை அதிகாரிகள் கடைகளில் பறிமுதல் செய்தார்கள். மலாய்க்கார அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து வரைவதாக இருந்தால், அல்லது பள்ளிக்குக் கொண்டுபோவதாக இருந்தால், நைலான் தூரிகையே வாங்குங்கள். இன்றைய நைலான் தூரிகை இந்த வேலைக்கு நன்றாகவே தாங்கும்.

கலவைத் தட்டுக்கு வீடு கட்டி மீந்த வெள்ளைத் தரை ஓடு ஒன்று போதும். சாப்பாட்டுத் தட்டு எடுத்தால் மறுபடி சாப்பாட்டுக்குத் திருப்பாதீர்கள்.

## எங்கே வாங்குவது, எப்போது தொடங்குவது

பெயிண்ட், எண்ணெய், தூரிகை இணையத்தில் வாங்கலாம். டர்பன்டைன் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் தபாலில் அனுப்ப அனுமதியில்லை, அதை உள்ளூர் ஹார்ட்வேரில்தான் வாங்க வேண்டும். வெள்ளையையும் கேன்வாஸையும் மட்டும் முடிந்தால் நேரில் பார்த்து எடுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பக்கம்தான், ரயிலும் உண்டு. வளைந்த சட்டத்தைப் படத்தில் கண்டுபிடிக்க முடியாது.

தீபாவளிக்குப் பரிசாகக் கொடுக்க நினைத்தால் கணக்கை இப்படிப் போடுங்கள். மெல்லிய படலம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர சில நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். இரண்டு மூன்று படலம் என்றால் வரைந்து முடித்துக் காயவே ஒன்றரை, இரண்டு மாதம் வேண்டும். காயும்வரை படத்தைச் சுவரோடு ஒட்டாமல், இரு பக்கமும் காற்றுப் படும்படி, பிராணி போகாத அறையில் வையுங்கள். ஈர வண்ணத்தில் ஒட்டிய ரோமத்தைப் பிடுங்கினால் கோடு விழும், விட்டுவிட்டுக் காய்ந்த பிறகு தட்டி எடுப்பது நல்லது. அலமாரிக்குள் பூட்டிக் காயவைக்காதீர்கள், இருட்டில் ஆளி விதை எண்ணெய் மஞ்சளடிக்கும். வார்னிஷ் பூச மெல்லிய படத்துக்கே ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அதனால் பரிசைப் பண்டிகைக்கு அப்படியே கொடுத்துவிட்டு, சித்திரைப் புத்தாண்டு தாண்டியதும் ஒருநாள் வாங்கிவந்து வார்னிஷ் பூசித் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லிவையுங்கள்.